சிங்க் குடித்த காபி

எஸ்பிரெசோ மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து நிரஞ்சன் தினமும் காபி போட்டு, பால்நுரையில் இலை வரைந்து, போனில் படம் பிடிப்பான். பிறகு ஒரு வாய்கூடக் குடிக்காமல் சிங்க்கில் கொட்டிவிடுவான்.

"நம்ம காபிய யாருமே குடிக்கிறதில்ல," என்று கப் மெஷினிடம் புலம்பியது.

"நான் குடிக்கிறேனே," என்றது சிங்க்கின் ஓட்டை. அதுவரை அது பேசியதே இல்லை. "நாளைக்கு இன்னும் சூடா வேணும்."

பயந்துபோன மெஷின் மறுநாள் ரிப்பேரானதுபோல் நடித்தது. நிரஞ்சன் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்து அலுத்துப்போனான்.

"நிரஞ்சா," என்று ஓட்டை செல்லமாகக் கூப்பிட்டது. "காபி இல்லாட்டிப் பரவாயில்ல. நீ வா."

கப் கிடுகிடுவென நடுங்கியது. நிரஞ்சனுக்குப் பயமே இல்லை. படம் பிடிக்கப் போனை எடுத்துக்கொண்டு, ஓட்டைக்கு மேல் நன்றாகக் குனிந்தான்.