அடுப்படி வாசல் தரை

லிங்கி ரப்பர் தோட்டத்தில் சன்னாசியின் லயத்து வீட்டுக்கு மேலே வெறும் தகரம்தான். மதியம் பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் அவன் மனைவி தாயம்மா சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, அடுப்படி வாசலில் காற்றுக்காகப் படுப்பாள்.

"தகரத்துக்குக் கீழ பலகை அடிச்சிட்டா சூடு உள்ள இறங்காதுங்க."

"தோட்டத்து வீடு லா. வெளிய போகச் சொன்னா பலகையைக் கழட்டிக்கிட்டா போவோம்?"

அவள் செத்த மறுவருடம் பலகை அடித்தான். வீடு குளிர்ந்தது. அடுப்படி வாசலில் மட்டும், ஓர் ஆள் படுத்தெழுந்த அளவுக்குத் தரை வெதுவெதுப்பாகவே இருந்தது. தண்ணீர் தெளித்தும் ஆறவில்லை.

ஒரு மதியம் அங்கே குந்தி, "உள்ள வந்து படு தாயம்மா. பலகை அடிச்சிட்டேன்," என்றான்.

மறுநாள் வாசல் தரை சில்லிட்டிருந்தது. கூடத்தில் அவன் விரித்து வைத்திருந்த பாயில் சுவரோரப் பாதி வெதுவெதுப்பாக இருந்தது.