மூன்றாம் தடவை நட்ட புல்

"பிடுங்கினாலும் திரும்ப முளைக்கிற மாதிரி ஏதாச்சும் புல்லு இருக்கா, நானா?"

கெலிஓயாவில் செடிகளும் புல்லும் விற்கும் முஹைதீன், கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சதீஸை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மாதத்துக்குள் மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறான்.

"ஆர் பிடுங்கிற தம்பி? மாடா, முள்ளம்பன்றியா?"

"எங்கம்மா."

முஹைதீனுக்குச் சிரிப்பு வந்தது. சதீஸின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

பிலிமத்தலாவையில் புது வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்தே, வாசலில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை போட வேண்டும் என்று சதீஸுக்கு ஆசை. பராமரிக்கத்தான் நேரமில்லை. வாரத்தில் ஐந்தரை நாள் கண்டியில் அலுவலக வேலை, ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடத்துகிறான். அதனால்தான், அதிகம் வெட்டவும் வேண்டாம், தண்ணீரும் பெரிதாக வேண்டாம் என்கிற மாதிரியான புல்லாகக் கேட்டான். முஹைதீனும் மலேசியன் புல்லைக் கொடுத்தார். வகுப்பை நிறுத்திவிட்டு ஒரு ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்து நட்டான். அடுத்த சனிக்கிழமை, அவனும் மனைவி சிந்துஜாவும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா அழகம்மா அத்தனையையும் பிடுங்கிக் குவித்துவிட்டார்.

"மடுல்கெல்ல தோட்டத்துல முப்பத்தஞ்சு வருசம் வேலை செஞ்சவங்க, நானா. அங்க தேயிலையைத் தவிர எது பச்சையா தெரிஞ்சாலும் களைதான். வேரோட வரலேன்னா கங்காணி அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்தை வெட்டிருவாராம். அந்தப் பழக்கம்னு நினைச்சேன். இது நாம வேணும்னு நட்ட புல்லும்மான்னு சொன்னேன். சரி, சரின்னு தலையாட்டினாங்க."

"பொறகு நீலப்புல்லு வாங்கிட்டுப் போனீங்களே?"

"மறுநாளே அதை நட்டுட்டேன். நல்லாத்தான் பிடிச்சுச்சு. நிம்மதியா வகுப்புக்கும் போக ஆரம்பிச்சேன். இன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தா வாசல் மொட்டையா கிடக்கு."

முஹைதீன் குரலைத் தணித்தார். "மறதி ஏதும்..."

"சிந்துஜாவும் அதைத்தான் சொல்றா. அப்பா போன பிறகு தோட்டத்து லயத்து வீட்டுல தனியா விட மனசில்லாம இங்க கூட்டிட்டு வந்தேன். அதுல இருந்து அதிகம் பேசுறதில்ல. பின்னேரமானா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் வந்தா, 'வந்துட்டியா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்." சதீஸ் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். "திங்கக்கிழமை பேராதனையில டாக்டரைப் பார்க்க நம்பர் எடுத்திருக்கோம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்குப் புல்லை மறக்கிறாங்க. நாளைக்கு என்னைய மறந்துட்டா?"

முஹைதீன் தோட்டத்தின் பின்பக்கம் போய், அகல இலையோடு படர்ந்து கிடந்த ஒரு புல்துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்.

"ரோட்டோரத்துல தானா படர்ற சாதி. ஒருத்தரும் விரும்பிக் கேக்கிறல்ல. ஆனா கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு துண்டு மண்ணுல மிஞ்சினாலும் போதும், திரும்ப வந்திரும். நிழல்லயும் வளரும், கவனிக்கவே தேவையில்ல. உங்கட உம்மாவால இதைப் பிடுங்கி முடிக்க ஏலாது."

"இதையே குடுங்க."

"உம்மாவ ஏசிப்போடாதீங்க, தம்பி."

"எப்படி நானா ஏசுவேன்?"

ஞாயிறு காலையில் மறுபடியும் வகுப்பு இல்லை என்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சதீஸ் வாசலில் உட்கார்ந்தான். அம்மா ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தார். வாயும் சும்மா இருக்கவில்லை. அட்டைக் கடிக்கு எலுமிச்சம்பழம் தேய்த்தது, மழையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து சதீஸ் தப்பி ஓடி அம்மாவைத் தேடி மலைக்கே ஏறி வந்தது என்று ஒரே கதைதான். மத்தியானம் இரண்டு பேரும் வாசற்படியிலேயே சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். அம்மா இரண்டாந்தரமும் சோறு போட்டுக்கொண்டார்.

இவ்வளவு சந்தோசமாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படிக் கூட்டிப் போவது? கடைசி வரிசை நடும்போதுதான் அவனுக்கு வார்த்தை வந்தது.

"அம்மா, நாளைக்குப் பேராதனைக்குப் போறோம். ஒரு டாக்டரைப் பார்க்கணும்."

"யாருக்கு என்ன?"

"உங்களுக்குத்தான். பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்சம் மறதி மாதிரி இருக்குல்ல... இது களை இல்ல, நட்ட புல்லுன்னு எத்தனை தரம் சொன்னாலும்..."

அழகம்மா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். மகனை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருசம் களை எடுத்தவளுக்கு, எது களை, எது நட்ட புல்லுன்னு தெரியாதாடா?"

சதீஸின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது.

"அப்ப ஏம்மா பிடுங்கினீங்க?"

"நல்லா வேர் பிடிச்சிட்டா, நீ ஞாயித்துக்கிழமையும் வகுப்புக்குப் போயிருறியே, ராசா."