ஊமைப்புலி

“உங்கப்பாவ என்னன்னு கேளு கண்ணு. வயசான காலத்துல போனுல துப்பாக்கி புடிச்சுட்டுத் திரியறாரு!”

ஆனைமலையில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்த மோகன்குமார் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அம்மா சென்னியம்மாள் பிராதைத் தொடங்கிவிட்டாள்.

“யாரு, அப்பாவுங்களா?”

“வேற யாரு? வாய்க்கால் ஒடைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போனாலும் கண்டுக்கறதில்ல. மோட்டார் ரூம்ல உக்காந்து எவனையோ சுட்டுட்டு இருக்காரு. சோத்துக்குக் கூப்பிட்டா, ‘செத்த இரு, ஆளு அடிபட்டுக் கெடக்கான், தூக்கி உட்டுட்டு வாரேன்’ங்கறாரு.”

மோகனுக்குச் சுருக்கென்றது. கூடத்து மூலையில் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு அவனுடைய கம்ப்யூட்டர் இருந்தது.

எல்லாம் அதனால் வந்த வினைதான். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் எந்நேரமும் அதன் முன்னால்தான் கிடப்பான். ஒரு நாள் ஆன்லைனில் பெரிய போட்டி, இறுதிச் சுற்று, ஜெயிக்கப்போகிற நேரம். அப்பா திருமலைசாமி வந்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். “இந்தப் பொட்டியவே கட்டீட்டு அழு” என்றார். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை. சரவணம்பட்டியில் வேலை கிடைத்ததைக்கூட அம்மாவிடம்தான் சொன்னான். பிடிவாதத்தில் மட்டும் அப்பனும் மகனும் ஒரே அச்சு.

மோகனும் இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. ஆபீஸில் எல்லோரும் போனுக்கு மாறியாச்சு. டீ குடிக்கிற நேரத்தில் ஒரு ஆட்டம், பஸ்ஸில் ஒரு ஆட்டம். போனில் விளையாடுகிறவர்களை ஒரு காலத்தில் ‘கட்டைவிரல் வீரர்கள்’ என்று கேலி பேசியவன்தான். இப்போது அவன் கட்டைவிரல் தேய்கிறது.

“நல்ல நியாயமுங்கம்மா! நான் வெளையாடுனா ப்ளக்கைப் புடுங்குவாரு. அவரு மட்டும் வெளையாடலாமாக்கும்?”

“நீயே போய்க் கேளு. அப்படியாச்சும் ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசுங்க.”

“நான் எதுக்குங்க அவருகிட்டப் பேசோணும்?”

காப்பியைக் குடித்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தான். தங்கை லோகப்பிரியா பீளமேட்டு ஹாஸ்டலில் இருந்தபடியே ஆட்டத்தில் காத்திருந்தாள். கூடவே ஊமைப்புலி.

ஊமைப்புலி யாரென்று மோகனுக்குத் தெரியாது. “எனக்குத் தெரிஞ்சவங்கதானுங்கண்ணா. கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்று சொல்லி லோகப்பிரியா சேர்த்துவிட்ட ஆள். அந்தப் பெயரையும் அவள்தான் வைத்திருப்பாள். ஆள் மைக்கைத் திறக்கவே மாட்டார். சுடச் சொன்னால் வானத்தைச் சுடுவார். ஆனால் மருந்துப்பெட்டி எங்கே கிடைத்தாலும் பொறுக்கிவந்து மோகன் காலடியில் போட்டுவிடுவார். மோகன் அடிபட்டு விழுந்தால் குண்டுகளுக்கு நடுவே ஓடிவந்து தூக்கிவிடுவார். பல நாள் அதிலேயே செத்தும்போவார்.

“அண்ணா, பின்னாடி ரெண்டு பேரு வாராங்க பாருங்க. சுட்டுப்போடுங்க!” என்றாள் லோகப்பிரியா. எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதிரிக்கும் மரியாதை உண்டு.

மோகன் ஒருவனைச் சுட்டான். இன்னொருவன் மோகனைச் சாய்த்துவிட்டான். வழக்கம்போல ஊமைப்புலி ஓடிவந்து தூக்கிவிட்டார்.

“தேங்க்ஸுங்க புலி! நீங்க இல்லீன்னா நான் காலிங்க” என்றான் மோகன். மனசாரச் சொன்னான்.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அம்மா சொன்னது பொய்யில்லை. தோட்டத்துத் தண்ணீர் வரப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மோகனுக்குப் பொறுக்கவில்லை. மகனுக்கு ஒரு சட்டம், அப்பனுக்கு ஒரு சட்டமா? அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினார்! இன்றைக்கு நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

“செத்த இருங்க, ஒரு வேலை. வந்தர்றேன்” என்றான். ஆட்டத்தில் தன் ஆளை ஒரு சுவரோரம் நிறுத்திவிட்டு, போனை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

தோட்டத்தில் விறுவிறுவென்று நடந்தான். கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மோட்டார் ரூம் வாசலில் கயிற்றுக்கட்டில். அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. காலடியில் தண்ணீர் ஓடுவதுகூடத் தெரியாமல் போனுக்குள் குனிந்திருந்தார்.

வாயெடுத்த மோகன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்பாவின் தோளுக்கு மேலே போன் திரை தெரிந்தது. அதில் ஒரு சுவரோரம் ஒருவன் அசையாமல் நின்றிருந்தான். தலைக்கு மேல் மோகன் என்று பெயர். அவனை மறைத்துக்கொண்டு முன்னால் இன்னொருவன். எங்கிருந்தோ வந்த குண்டுகளை எல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தான்.

“அப்பா...”

திருமலைசாமி திடுக்கிட்டுப் போனைக் கவிழ்த்தார்.

கேட்க வந்ததெல்லாம் மோகனுக்கு மறந்துவிட்டது.

“உங்களுக்குத்தான் இந்த வெளையாட்டே புடிக்காதுங்களேப்பா?”

“இப்பவும் புடிக்காதுதான் கண்ணு” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே. “பொட்டியில நீ வெளையாடுனப்ப எனக்கு உன்ற முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. நீ போனுக்கு மாறுனப்புறந்தான், உன்ற கூட நடக்க எனக்கும் ஒரு எடம் கெடச்சுது.”