டெண்டர் படிப்பு

"சார், என் பொண்ணு டெண்டர் படிச்ச டிபார்ட்மென்ட் இதானே?"

வாசலில் நின்று ப்யூனிடம் கேட்டார் கஜபதி. உள்ளே உட்கார்ந்திருந்த கவிப்பிரியாவுக்குக் காது சுட்டது.

மகளிர் மற்றும் பாலினவியல் துறை. எம்.ஏ. படித்த அதே துறையில் இன்று உதவிப் பேராசிரியராகச் சேருகிறாள். திருத்தணியிலிருந்து நைனாவும் கூடவே ரயிலேறி வந்துவிட்டார்.

"ஜெண்டர், நைனா," என்றாள் மெதுவாக.

"ஆங், அதான். டெண்டர்."

ப்யூன் எல்லப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்பும் இதே கதைதான். அட்மிஷன் போட்டு வந்த சாயங்காலம், பெரியப்பா சந்திரமோகன் கூடத்தில் காத்திருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தன் மூத்த மகள் சுஜாதா விஸ்காம் கேட்டதும், "சினிமா படிப்பா?" என்று வீட்டோடு நிறுத்தியவர்.

"இன்னா படிப்புடா இது?"

"டெண்டர்ண்ணா," என்றார் கஜபதி.

"ரோடு டெண்டர், பாலம் டெண்டர், அதா? பரவால்லயே! கவர்மென்ட்ல நல்ல மரியாத கீது. போவட்டும்."

கவிப்பிரியா வாயைத் திறக்கவில்லை. நைனாவின் அறியாமையால் அன்றைக்குத் தப்பித்தாள். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

தினமும் விடிகாலை ரயில். நைனா தன் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது, வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்வார். பூக்கடை கெங்கம்மாள்கூட, "டெண்டரு, பூ வெச்சிக்கினு போ" என்று ஆட்டோவை நிறுத்துவாள். மல்லி வாசனையோடு அரக்கோணம் வரைக்கும் ஜன்னலோரம் தூங்கிப் போன அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் இனிக்கிறது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

ஒருநாள் வகுப்புத் தோழி தீபா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"நீயும் டெண்டராம்மா?" என்றார் நைனா.

தீபா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனதும் கவிப்பிரியா வெடித்தாள்.

"தெரியாத வார்த்தைய ஏன் நைனா சொல்லிக்கினே கீற? மானம் போவுது. வாய மூடிக்கினு இரேன்!"

நைனா துணியை எடுத்துக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். மறுநாள் காலையிலும் டெண்டர்தான்.

"மேடம்," எல்லப்பன் ஒரு பழைய கோப்பை மேஜைமேல் வைத்தார். "நீங்க ஸ்டூடன்ட்டா இருந்தப்ப உள்ள ஃபைல். சர்டிபிகேட் காப்பியெல்லாம் இதுலயே இருக்கும்."

புரட்டினாள். இரட்டைப் பின்னலோடு பயந்த முகமாக அவள் போட்டோ. அதற்கடியில் பெற்றோர் சம்மதக் கடிதம். அவள் ஃபீஸ் வரிசையில் நின்றபோது நைனா ஆபீஸில் எழுதிக் கொடுத்தது. இதுவரை அவள் பார்த்ததில்லை.

'என் மகள் கவிப்பிரியா ஜெண்டர் படிப்பில், அதாவது ஆண், பெண், திருநங்கை யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை என்று சொல்லித்தரும் படிப்பில் சேர எனக்கு முழுச் சம்மதம். ரயிலில் ஏற்றி விடுவது என் பொறுப்பு. வீட்டில் எதிர்ப்பு வந்தால் அதுவும் என் பொறுப்பு.'

எழுத்துகள் கலங்கின.

"நைனா... அப்பவே தெரியுமா உனக்கு?"

கஜபதி உள்ளே வந்து கடிதத்தைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"பின்ன, இன்னிக்கு வரிக்கும் ஏன் நைனா டெண்டர், டெண்டர்னு..."

"வெளிய ஒண்ணு, வூட்ல ஒண்ணுன்னு பேசினா நாக்கு ஒருநாள் காட்டிக்குடுத்துடும் கவி." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீயும் இப்போதைக்கு எதுவும் சொல்லிடாத. பெரியப்பாவோட சின்னப் பொண்ணு விஜி, வர்ற வருஷம் டெண்டர் படிக்கப் போவுது. நேத்துதான் தலையாட்டினாரு."