ஈர நெல்லின் எடை

உத்திரமேரூர் நெல் களத்தில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பரப்பிய நெல்லைக் காலால் சரசரவென்று கிளறிக்கொண்டு வரும் இந்திராணி, மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கணவன் தேவராஜன் எதிரே நிற்கிறாள். நெல் வியாபாரியான அவனுக்குக் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. செருப்பு வார் வீங்கிய பாதத்தில் புதைந்திருக்கிறது. "ஒடம்பு நல்லா பூசிக்கினு வருது பாத்தியாமே?" என்று வயிற்றைத் தடவுகிறான். பேச்சோடு பிராந்தி வாடையும் வருகிறது. அவள் குனிந்து அவன் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறாள். விழுந்த குழி அப்படியே நிற்கிறது. "இது சதையில்லய்யா, தண்ணி. ஈர நெல்லுகூடத்தான் எடை காட்டும். நீ வாங்குவியா?" ஊர் விவசாயிகளிடம் அவனே தினமும் சொல்லும் பேச்சு அது. அவனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோகிறது. "கண்ணு மஞ்சளாத்தான் கீது. கீழாநெல்லி அரைச்சுக் குடு, போயிடும்." "காலைல கீழாநெல்லி, சாயங்காலம் பிராந்தி. உனுக்கு இன்னா ரெண்டு ஈரலா கீது?" அவள் குரல் உயரவே இல்லை. கையில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகத் துணிப்பை தயாராக இருக்கிறது. அவன் இன்னொரு காலைத் தானே அழுத்திப் பார்க்கிறான். அங்கேயும் குழி. வெகுநேரம் அதையே பார்க்கிறான். "டாக்டரு குடிய வுடுன்னுதான சொல்லப்போறாரு?" "சொல்லட்டும். காதுல வாங்கிக்க நான் கீறேன். வுடுறதுக்கு மட்டும் நீ வா."