பாதிக் கடல்

கடற்கரை மக்கள் பேசும் சொற்களையெல்லாம் போட்டு வைத்து, கேட்டதைத் தேடித் தரும் புரோகிராம் அது. பயிற்சி மையத்தில் சொல்லித் தந்தபடி எமல்டா தன் கையால் எழுதிய முதல் புரோகிராம். அகரவரிசையில் இருந்த நீண்ட பட்டியலின் கடைசியில் 'கச்சான்' என்று மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் பெயரைச் சேர்த்துவிட்டுத் தேடினாள். அப்படி ஒரு சொல் இல்லை என்றது திரை.

"கண்ணு முன்னால கெடக்கு, இல்லைங்குதே சார்!"

பயிற்சி மைய ஆசிரியர் சிரித்தார். "அது ஒவ்வொண்ணாப் பாக்காதும்மா. நடுவுல பிரிச்சு, 'க' மேல்பாதியிலதான் இருக்கும்னு கீழ்ப்பாதியத் தள்ளிரும். நீ கடைசில போட்டது தப்பு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஆடியில் அண்ணனின் வள்ளம் கரை திரும்பாதபோது அதிகாரிகளும் இப்படித்தான் வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். "கச்சான் அடிக்குதுய்யா, கெழக்க தள்ளியிருக்கும்" என்று அவள் கத்தக் கத்த, கிழக்குப் பாதியை ஒதுக்கினார்கள். மிச்சத்தை மட்டும் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று கையை விரித்தார்கள்.

"தேடாத எடத்துக்கும் சேத்து இல்லைன்னு சொல்ல இது யாரு சார்?"

"வரிசைல வச்சா அதுவே கண்டுபிடிச்சிரும்மா."

"அது கெடக்குற எடத்துலதான் சார் கெடக்கும். நாமதான் போய்ப் பாக்கணும்."

பாதியாகப் பிரிக்கும் வரிகளை அழித்தாள். முதல் சொல்லிலிருந்து ஒன்று விடாமல் பார்க்கும்படி எழுதினாள்.

"எவ்வளவு பெரிய பட்டியல்! நேரமாகும்மா."

"ஆகட்டும் சார்" என்றவள், தேடும் கட்டத்தில் 'கஸ்பார்' என்று அண்ணனின் பெயரைத் தட்டினாள்.