நாலு துண்டு சாக்பீஸ்

கணக்கு டீச்சர் செண்பகவல்லி தன் பாடங்களை வீடியோ எடுத்து, வகுப்புக்கென்று ஒரு வெப்சைட் தொடங்கி ஏற்றிவிட்டார். இனிமேல் பிள்ளைகள் வீட்டிலேயே பாடம் பார்த்துவிட்டு வருவார்களாம்.

"இனி உன் பிழைப்பு அவ்வளவுதான்" என்றது டஸ்டர், சாக்பீஸிடம்.

மறுநாள் டீச்சர் சாக்பீஸை நாலாக உடைத்துப் பிள்ளைகளிடம் நீட்டினார். "வீட்ல பாத்த கணக்கை போர்டுல போடுங்க."

டீச்சர் கையில் ஒருநாளும் தவறாத சாக்பீஸ், நாலு பிள்ளைகள் கையில் நாலு விடை எழுதியது. எது சரி என்று வகுப்பே போர்டுக்கு எழுந்துவந்து சண்டை போட்டது.

"உன் மானமே போச்சே" என்றது, துடைத்துக் களைத்த டஸ்டர்.

"போகட்டும்" என்றது ஒரு துண்டு. "நான் சரியா எழுதினப்ப ஒருத்தரும் எழுந்து வந்ததில்லை."